பல்லுக்காரர் துலக்கிய லைட்டுகள்

டிக்கோயாவில் சர்வேயர் வழுக்கி விழுந்த சரிவில் வீடு கட்டியவன் நான். பாறையை நானே உடைத்தேன். பின்பக்கத்து மதில் இரண்டு மழைக்கு இரண்டு தரம் சரிந்தது. மூன்றாம் தரம் கட்டியது இன்றும் நிற்கிறது, சந்தேகமிருந்தால் வந்து தோளால் முட்டிப் பாருங்கள். படித்தவர்கள் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு, ஊற்றுத் தண்ணீர் இவ்வளவு மேட்டுக்கு ஏறாது என்றார்கள். ஏறியது. அந்தத் தண்ணீரில் வாகனம் கழுவும் கொட்டகை போட்டேன். கழுவ வந்த வாகனங்களின் நசுங்கலைத் தட்டினேன், பெயின்ட் அடித்தேன், யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் கெடுத்துக் கெடுத்தே கற்றேன். பிறகு ஒரு வேன், அதன் பிறகு இன்னொரு வேன், இரண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்பு வரை. ஐந்தாம் வகுப்பு தொடங்கிய மாதம் காற்றில் கூரை போனது. கூரையோடு நானும் போனேன். தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்தவன் இவ்வளவு செய்திருக்கிறேன் என்று சொல்வது பெருமைக்குத்தான். வேறு எதற்கு?

ஆனால் நான் தனியாகச் செய்யாத காரியம் ஒன்று உண்டு. மஞ்சள் பூத்து, பால் படிந்தது போலாகி, வெளிச்சத்தை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்த வாகன லைட்டுகளை வீட்டில் வைத்தே உரசித் துலக்கிப் பளிங்காக்கும் வேலை. இந்தப் பக்கத்தில் அதை முதலில் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவர் மெக்கானிக் இல்லை, பெயின்டர் இல்லை. பொய்ப்பல் கட்டுகிறவர்.

அவரைப் பற்றி ஹட்டன் பஜாரில் இன்றைக்கும் ஒரு பேச்சு ஓடுகிறது. “கடைசியில கெழவனுக்குக் கை போயிருச்சு. கோயில் தலைவரு கார் லைட்டையே கெடுத்துட்டான்.” சவரக் கடையில் கேட்டேன், தேத்தண்ணிக் கடையில் கேட்டேன், போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியும் கேட்டேன். அவருக்குக் கை போகவில்லை. போனது அவருடைய பேர். அது எப்படிப் போனது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சொல்ல மாட்டார். செத்துப்போனதால் அல்ல, உயிரோடு இருந்தபோதும் சொல்லவில்லை. மற்றவன் நான்.

அவர் பேரை இங்கே நான் எழுதப்போவதில்லை. யார் பேரையும் வெளியே விடாத மனிதரை அச்சில் ஏற்றினால், எழுந்து வந்து என் மேல்வரிசையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். ஆமாம், என் மேல்வரிசை அவர் கட்டியதுதான். என் மருமகன்களுக்குக்கூட இதுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

கண்டியில் ஒரு பல் டாக்டரிடம் பல வருஷம் பல் செய்யும் வேலை பார்த்துவிட்டு வந்து, பஜாரில் துணிக்கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை எடுத்திருந்தார். ஒல்லி ஆள். வெற்றிலை இல்லை, சுருட்டு இல்லை. சட்டைப் பையில் ஒரு சின்னக் கண்ணாடி மட்டும் இருக்கும். ஏறிப் போகிற மரப்படியில் மூன்றாவது பலகை கால் வைத்தவுடன் கத்தும். படியடியில் தொங்கிய பலகையில் பல்லைப் பற்றி ஓர் எழுத்து கிடையாது. ‘குடை திருத்தப்படும்’ என்றுதான் இருக்கும். அவருக்குக் குடை திருத்தத் தெரியாது. கதவோரம் ஒரு கட்டுப் பழைய குடைகள் வைத்திருப்பார். பல் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் ஆளுக்கொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும், அடுத்த முறை வரும்போது திருப்பித் தர வேண்டும். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில், குடையோடு இறங்குகிறவனை யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

ஒரு நாள் வெயில் பளீரென்று அடித்தது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு தொழிற்சங்கத் தலைவர்கள், ஒருவர் மேலேயிருந்து இறங்க, ஒருவர் கீழேயிருந்து ஏற, படியின் நடுவில் முட்டிக்கொண்டார்கள். இருவர் கையிலும் குடை. நான் கீழே துணிக்கடை வாசலில் நின்றேன்.

“என்னா தலைவரே, குடையா?”

“ஆமா தலைவரே, கம்பி ஒடஞ்சிருச்சு. உங்களுக்கு?”

“எனக்கும் கம்பிதான்.”

அன்றைக்குத்தான் அவர்கள் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

உள்ளே ஒரு தட்டில் சாந்தில் அச்செடுத்த வாய்கள் வரிசையாக இருக்கும். பேர் எழுதியிருக்காது. அவருக்கு மட்டும் விளங்கும் குறி இருக்கும்: ரயில், பாக்கு, மழை, கல்லு, சின்ன மழை. எந்த வாய் யாருடையது என்று கண்டுபிடிக்க நான் எத்தனையோ தரம் முயன்றிருக்கிறேன். ஒரு தரம் கையில் எடுத்தே பார்த்தேன்.

“வையிங்க, மொதலாளி.”

“இது நம்ம ஐயரு வாய்தானே அண்ணே?”

“சாமி கும்புடுற வாயும் சாராயம் குடிக்கிற வாயும் உள்ளுக்கு ஒரே செவப்புதான். வையிங்க.”

என்னை அவர் எப்போதும் மொதலாளி என்றுதான் கூப்பிடுவார். மரியாதை என்று முதல் இரண்டு வருஷம் நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டு வரிசையில் ஒரு வாத்தியாரும் டீச்சரும் இருந்தார்கள், புருசன் பெண்டாட்டி. வாத்தியார் ஒரு நாள் என்னிடம் தன் கீழ்வரிசை பொய்ப்பல் என்றும், மனைவிக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதே வாரம் டீச்சர் என் மனைவியிடம் தன் மேல்வரிசை பொய்ப்பல் என்றும், புருசனுக்குத் தெரியாது என்றும் சொல்லியிருந்தார். அந்தக் குடும்பத்தின் வாய் எங்கள் வீட்டு அடுப்படியில்தான் முழுமையானது. சிரித்துச் சிரித்து எனக்குப் பல் கழன்றது. இதைக் கேட்காமல் இருக்க முடியுமா? ஓடினேன்.

“அண்ணே, டீச்சர் வீட்டுல ரெண்டு பேருக்கும் நீங்கதானாமே?”

“எந்த டீச்சரு?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க.”

“மழை வரப்போகுது. குடைய எடுத்துட்டுப் போங்க.”

அவ்வளவுதான். அந்த இரண்டு பேரும் பத்து வருஷத்துக்கு மேல் ஒரே கண்ணாடிக்கு முன்னால் தலை சீவிக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு, சந்தோஷமாக இருந்தார்கள். நடுவில் இந்த ஆள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்த வீடு இரண்டாகியிருக்கும்.

லைட்டு விஷயம் வந்தது, வெளிநாட்டு வாகனம் உள்ளே வராமல் அரசாங்கம் கதவை அடைத்திருந்த வருஷங்களில். புது வாகனம் இல்லை, புது லைட்டும் இல்லை. கொழும்பிலிருந்து வருகிற பழைய லைட்டுகள் நம்முடையதைவிடக் குருடு. என் பெரிய வேனுக்கு இரண்டு கண்ணும் மஞ்சளித்துவிட்டது. காலை ஆறு மணிக்குப் பொகவந்தலாவை ரோட்டில் பனிமூட்டம் இறங்கியிருக்கும்போது, என் வேனின் வெளிச்சம் பம்பரைத் தாண்டாது. ஒரு தாய் நேராகவே சொன்னாள்.

“அண்ணே, உங்க வேனு வருதுன்னு லைட்டப் பாத்துத் தெரியலண்ணே. சத்தத்தக் கேட்டுத்தான் பிள்ளைய எழுப்புறேன். வர்ற திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணலன்னா நாங்க வேற வேனு பாத்துக்குறோம்.”

யாரோ பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்றார்கள். ஒரு முழு டியூபையும் பிதுக்கித் தேய்த்தேன். வேனின் வாய் மணத்தது. வெளிச்சம் வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஈறு புண்ணாகி அவரிடம் போனபோது, வாயைத் திறந்து வைத்துக்கொண்டே இதையும் சொல்லிவைத்தேன். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“வேனுக்குப் பல்லு வெளக்கினீங்களா மொதலாளி? கொப்புளிக்க வச்சீங்களா?”

“சிரிக்காதீங்க அண்ணே. பிள்ளைகள் போயிரும்.”

சிரிப்பை நிறுத்தினார். “அது கண்ணாடி இல்லீங்களே, பிளாஸ்டிக்குதானே? நான் கட்டுறதும் பிளாஸ்டிக்குதான். கழட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க.”

மறுநாள் அவர் வீட்டுச் சமையலறையில், சட்டி கழுவும் தொட்டியில், என் வேனின் இரண்டு கண்ணும் கிடந்தன. எமரித் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, முதலில் முரடானதால் குறுக்கே உரசினார், பிறகு மெல்லியதால் நெடுக்கே, பிறகு இன்னும் மெல்லியது. ஒரு நிமிஷம்கூடக் காயவிடவில்லை. மனைவி இல்லாத வீடு, தடுக்க ஆளில்லை. உரச உரச மஞ்சள் தண்ணீர் ஓடியது. லைட் துலங்கவில்லை. வெள்ளை வெளேரென்று தயிர் பூசியது போல் ஆனது.

“அண்ணே, இருந்த வெளிச்சத்தையும் கொன்னுட்டீங்களே!”

“அச்செடுத்த அன்னைக்கு எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. பேசாம தண்ணிய ஊத்துங்க.”

பிறகு பொய்ப்பல்லைத் துலக்கும் சின்ன மோட்டாரில் கம்பளிச் சக்கரத்தை மாட்டினார். எரிமலைக் கல்லை அரைத்த சாம்பல் நிறத் தூள் ஒன்று வைத்திருந்தார். அதைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, சக்கரத்தில் காட்டினார். “அழுத்தக்கூடாது. சூடேறினா கோணிக்கும். வாயா இருந்தாலும் சரி, வாகனமா இருந்தாலும் சரி.” ஒரு மணி நேரத்தில் அந்தத் தயிர் கரைந்து, உள்ளேயிருக்கும் பல்பின் கம்பி எண்ணிப் பார்க்கிற மாதிரித் தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் அந்தத் தாய் வாசலுக்கு வந்து, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, “என்னாண்ணே, கண்ணு கூசுது” என்றாள். ஒரு பிள்ளையும் போகவில்லை.

மூன்று மாதத்தில் மறுபடி மஞ்சளித்தது. முன்பைவிட மோசமாக.

இங்கேதான் என் பங்கு. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். அவர் உரசியபோது கம்பெனி போட்டிருந்த மேல்தோலும் சேர்ந்து போய்விட்டது, அதனால் வெயில் நேரே பிளாஸ்டிக்கைத் தின்கிறது என்று கண்டுபிடித்தவன் நான். அவருக்கு அது மூளையில் ஓடவில்லை. அவர் கட்டுகிற பல்லுக்கு அந்தக் கவலை இல்லை. வாய்க்குள் ஏது வெயில்? நான் கார் கதவுக்குப் பெயின்ட் அடித்தபின் மேலே அடிப்பேனே, ஹார்ட்னர் கலந்த கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சு, அதை மூக்கைக் கட்டிக்கொண்டு லைட்டுக்கு அடித்தேன். முதல் முறை வடிந்தது. இரண்டாம் முறை தூசி ஒட்டியது. நாலாம் முறை நின்றது. ஒரு வருஷம், இரண்டு வருஷம், இன்னும் நிற்கிற லைட்டுகள் உண்டு.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் உரசல், என் கொட்டகையில் கிளியர். வட்டவளையிலிருந்தெல்லாம் வந்தார்கள். முச்சக்கர வண்டிக்காரர்கள் வந்தார்கள், ஒரு பாதிரியார் வந்தார், என் வேனுக்கு லைட் மங்கல் என்று முன்பு அபராதச் சீட்டு எழுதிய போலீஸ் சார்ஜன்ட் மாத்தயாவும் தன் சொந்த மோட்டார் சைக்கிளோடு வந்தார். எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: பல்லுக்காரர் லைட். நான் அடித்த கிளியரைப் பற்றி ஒரு நாய் கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“வர்றவங்ககிட்ட, மேல் பூச்சு இன்னாரு வேலைன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா அண்ணே?”

“கேட்டாத்தானே சொல்லுறதுக்கு?”

“கேட்டாச் சொல்லுவீங்களா?”

“சொல்ல மாட்டேன்.”

இதுதான் அந்த ஆள். யார் வாயில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் பழகிப் பழகி, யார் கையில் என்ன இருக்கிறது என்றும் சொல்ல வராது. புகழும் ஒன்றுதான், குற்றமும் ஒன்றுதான், அவரிடம் போனது அவரோடு.

இப்போது கோயில் தலைவருக்கு வருகிறேன். பெரிய மீசை, பெரிய குரல். எழுபது வயது வாயில் இருபது வயதுப் பல். அந்தப் பல்லைப் பற்றிப் பல்லுக்காரர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நான் பின்னால் என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன். என் வாய் அவர் வாய் இல்லை. தலைவர் பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்துக்கும் தலைவர். பள்ளிக்கூடக் கேட்டுக்கு உள்ளே எந்த வேன் நிற்கலாம், எது மழையில் ரோட்டில் நிற்க வேண்டும் என்பது அவர் சொல்வதுதான். என் இரண்டு வேனும் அப்போது ரோட்டில் நின்றன. உள்ளே விடும்படி அவருக்குப் பின்னால் ஒரு வருஷமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தலைவரின் கார் வந்தது. மறுநாள் பிற்பகல் அவர் மகளைப் பெண் பார்க்கக் கொழும்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வருகிறார்கள், ஸ்டேஷனிலிருந்து அந்தக் காரில்தான் அழைத்துப் போக வேண்டும். லைட் பளபளவென்று இருக்க வேண்டும். பல்லுக்காரர் காலையிலேயே உரசித் துலக்கிக் கொடுத்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் மாட்டிக் கிளியர் அடித்தேன். அன்றைக்கு நல்ல குளிர், மேகம் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. பார்த்துவிட்டுப் போக வந்திருந்த பல்லுக்காரர் புறப்படும்போது சொன்னார்:

“இந்தக் குளிர்ல இது லேசுல காயாது மொதலாளி. நாளைக்குப் பகல் வரைக்கும் ஒரு வெரலு படக்கூடாது.”

“எனக்கே சொல்லுறீங்களா? கிளியர் என் வேலைண்ணே.”

ஆயுத பூஜை காலையில் என் கொட்டகையைப் பார்க்க வேண்டும். குளித்து, வேட்டி கட்டி, கிண்ணம் நிறையச் சந்தனமும் மஞ்சளும் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து வைத்துக்கொண்டு தொடங்குவேன். கம்ப்ரசருக்குப் பொட்டு. தண்ணீர்க் குழாய்க்குப் பொட்டு. ஸ்பானர் ஒவ்வொன்றுக்கும், ஜாக்குக்கு, சுத்தியலுக்கு, பெயின்ட் அடிக்கும் துப்பாக்கிக்கு. பிறகு வாகனங்கள்: ஸ்டீயரிங்கில் ஒன்று, நம்பர் தகட்டில் ஒன்று, லைட்டு இரண்டிலும் ஒவ்வொன்று. சின்ன வேன், பெரிய வேன், வாயில் தேவாரம், இடக்கையில் கிண்ணம், வலக்கை மோதிர விரல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கிறது. பெரிய வேனுக்கு அடுத்து நின்றது தலைவரின் கார். விரல் நிற்கவில்லை. இரண்டு லைட்டிலும் நடுவில், மற்றவற்றுக்கு வைத்ததைவிடப் பெரியதாக, தலைவர் கார் என்பதால் தாராளமாக வைத்தேன். மேலே குங்குமமும் வைத்தேன். தேவாரம் முடிந்து, தேங்காய் உடைத்து, சுண்டல் தின்றுகொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது. ஓடிப் பார்த்தேன். பொட்டு அழகாக ஊன்றி உட்கார்ந்திருந்தது. தொட்டால் இன்னும் கெடும். தொடாமல் விட்டேன். அதற்குள் தலைவரின் டிரைவர் வந்து, “பொட்டெல்லாம் வச்சு ஜோரா இருக்குங்க ஐயா” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனான். நான் சுண்டல் கையோடு ஒதுங்கி வழி விட்டேன்.

பிற்பகல் ஸ்டேஷன் வாசலில் டிரைவர் ஈரத் துணியால் பொட்டைத் துடைத்திருக்கிறான். போகவில்லை. அழுத்தித் துடைத்திருக்கிறான். கிளியர் பால் ஆடை போல் சுருண்டு வந்திருக்கிறது. இரண்டு லைட்டிலும் நடுவில் வட்டமாக ஒரு மஞ்சள் புண். சுற்றிலும் தோலுரிந்த விளிம்பு. மூட்டத்தில் லைட்டைப் போட்டபோது ரோட்டில் இரண்டு கறை முன்னால் ஓடியதாம். மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டாராம், கண்ணில் பூ விழுந்த காரில்தான் பெண் பார்க்க அழைத்துப் போவீர்களா என்று. சிரிப்பாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் சம்பந்தம் தள்ளிப்போனது.

மறுநாள் காலையில் தலைவர் காரை நேரே துணிக்கடை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரனை அழுத்திப் பிடித்தார். பஜாரே கூடியது. நானும் அங்கே இருந்தேன். பல்லுக்காரர் இறங்கி வந்தார்.

“உன்னை நம்பிக் குடுத்தேன் பாரு, என்னையச் செருப்பால அடிக்கணும்! மேல என்னாத்தப் பூசின? கஞ்சியா? எம் மகளப் பாக்க வந்தவன் சிரிச்சிட்டுப் போறான்யா!”

பல்லுக்காரர் குனிந்து லைட்டைப் பார்த்தார். அந்த மஞ்சள் வட்டத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினார். நகத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து, கூட்டத்துக்குள் சரியாக என்னைப் பார்த்தார். சந்தன வாசனை அவர் மூக்கில் ஏறியதை நான் பார்த்தேன். அவர் பார்வையை எடுத்துக்கொண்டார்.

“காயவிடாமக் குடுத்துட்டேங்க ஐயா. தப்புதான்.”

நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். என் கொட்டகையில் லைட்டைக் கழற்றி மாட்டுவது மட்டும்தான் நடக்கிறது என்று ஊர் நினைத்தது, கிளியர் நான் அடிப்பது என்று எவனுக்கும் தெரியாது. எந்தப் பேர் எனக்கு வரவில்லை என்று நான் இரண்டு வருஷமாகப் புலம்பினேனோ, அந்தப் பேர் வராததுதான் அந்தக் காலையில் என்னைக் காப்பாற்றியது. பொட்டை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. பூஜையன்று பொட்டு வைப்பது குற்றமா? குற்றம் பூச்சில், பூச்சு பல்லுக்காரருடையது. நான் ஓர் அடி முன்னால் வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. கேட்டுக்குள் நிற்கப்போகிற என் வேன்களை நினைத்துக்கொண்டு நின்றேன்.

தலைவருக்கு இன்னும் அடங்கவில்லை. “கை நடுங்குற கெழவனெல்லாம் ஆளுங்க வாய்க்குள்ள கைய விடுறான்! இவன்கிட்ட பல்லுக் கட்டுறவன் சாவு...” அந்த ‘சா’வில் அவர் வாய்க்குள் ஏதோ டக்கென்று கழன்று விழுந்தது. தலைவர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் இரண்டும் பிதுங்கியது. கூட்டம், பாவம், துக்கத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்தது. ஒரு வார்த்தை போதும். ‘ஐயா, கையை எடுங்க’ என்றால் போதும், தலைவரின் கதை அங்கேயே முடிந்திருக்கும், நம் ஆளின் பேரும் பிழைத்திருக்கும். பல்லுக்காரர் கதவோரத்திலிருந்து ஒரு குடையை எடுத்து விரித்து, தலைவரின் முகம் மறைகிற மாதிரிச் சாய்த்துப் பிடித்தார்.

“தூறுதுங்க ஐயா. மேல வாங்க, பேசிக்குவோம்.”

தூறவில்லை. இருவரும் ஏறினார்கள், மூன்றாவது பலகை இரண்டு தரம் கத்தியது. கொஞ்ச நேரத்தில் தலைவர் குடையோடு இறங்கினார், வாய் கல்லுப் போல் இறுகியிருந்தது. கார் கதவைத் திறந்து நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஏசத் தொடங்கினார். இந்த முறை ஒன்றும் விழவில்லை. அவ்வளவு திருத்தமாக மாட்டிவிட்டிருந்தார்.

அன்று மாலையே அந்த இரண்டு லைட்டையும் பல்லுக்காரர் மறுபடி உரசினார், நான் மறுபடி கிளியர் அடித்தேன். உரசும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஊர் பேசியது. முதலில் லைட்டு வருவது நின்றது. பிறகு வாய் வருவதும் நின்றது, கை நடுங்குமாம். குடையோடு இறங்குகிறவர்கள் குறைந்தார்கள். நாலைந்து மாதத்தில் அவர் அறையைக் காலி செய்து பண்டாரவளையில் மகளிடம் போவதென்று முடிவாயிற்று. அதற்குள் என் இரண்டு வேனும் கேட்டுக்கு உள்ளே நின்றன.

போவதற்கு முன் ஒரு பகல் நான் ஏறிப் போனேன். அவர் தரையில் சாக்கு விரித்து, சாந்து வாய்களை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். ரயில் உடைந்தது, பாக்கு உடைந்தது. யார் கையிலும் எதுவும் சிக்கக்கூடாது.

“அண்ணே. அந்தப் பொட்டு வச்சது நான்தான்.”

“தெரியும். நல்ல சந்தனம்.”

“தலைவர்கிட்டப் போயி சொல்லிர்றேன்.”

“வாயத் தொறங்க.”

“அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க...”

“தொறங்கன்னா.”

திறந்தேன். மேல்வரிசையைக் கழற்றி, சட்டைப்பைக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். ஓர் ஓரத்தை அரத்தால் மூன்று இழுப்பு இழுத்து, துடைத்து, மாட்டிவிட்டார். அந்தக் கையை நான் என் வாய்க்குள் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் நடுக்கம் இல்லை.

“கடிச்சுப் பாருங்க. குத்துதா?”

“குத்தலண்ணே.”

“அப்ப சரி. ஆளுங்க வாய்க்குள்ள இருக்கிறத வெளிய சொல்றது என் வேலை இல்ல மொதலாளி. உங்களுக்குச் சொல்லணும்னு இருந்தா, அது உங்க வாயி.”

படி இறங்கும்போது வழக்கம்போல் ஒரு குடையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு, நேரே வீட்டுக்குப் போனேன். தலைவர் வீடு வேறு பக்கம்.

பண்டாரவளையில் அவர் செத்துப்போன செய்தி எனக்குக் கருமாதி முடிந்த பிறகுதான் வந்தது. தலைவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், நல்ல பல்லோடு. இப்போது ஹட்டனிலேயே மூன்று இடத்தில் மெஷின் வைத்து லைட் துலக்குகிறார்கள், ஆளாளுக்கு ‘முதன்முதலில்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். கிளியரும் அடிக்கிறார்கள். அது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் போனில் பார்த்தோம் என்கிறார்கள். கிழவரைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது: கை போன கதை.

ஆகவே சரியாக எழுதிக்கொள்ளுங்கள். உரசியது அவர், துலக்கியது அவர். வெயிலுக்குக் கிளியர் அடிக்கக் கண்டுபிடித்தவன் நான். இதில் ஒரு பங்குகூட யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். குளிரில் காயாத அந்தக் கிளியரின் நடுவில், இரண்டு லைட்டிலும், பெரிய பொட்டாக வைத்தவனும் நான். இதையும் விட்டுத்தர மாட்டேன். இத்தனை வருஷம் இன்னொருவர் பேரில் கிடந்தது போதும், அது என் வேலை, எனக்கு வர வேண்டியது. இனிமேல் யாராவது “கெழவனுக்குக் கை போயிருச்சு” என்று தொடங்கினால், அந்த இடத்திலேயே நிறுத்தி, டிக்கோயாச் சரிவில் வீடு கட்டியவன் என்று என் பேரைச் சொல்லுங்கள்.